பதினோரு சுற்று மௌனம்

பேருந்துக்கும் காருக்கும் இருக்கை உறை தைக்கிற பட்டறை அது. பகல் முழுக்க ஆறு தையல் இயந்திரங்கள் ஓடும். சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் ஐந்து பேர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆறாவது இயந்திரத்தை ஓட்டுகிறவள் மட்டும் எழுந்து, ரெக்ஸின் சுருள்களை ஓரமாக உருட்டிவிட்டு, மூலையில் பழைய போர்வை போர்த்திக் கிடக்கிற டிரம்ஸை நடுவுக்கு இழுப்பாள். சுவர் நெடுக நுரைப் பஞ்சுப் பாளங்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்ததால், உள்ளே இடி இடித்தாலும் தெருவில் தும்மல் போட்ட மாதிரிதான் கேட்கும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராத ராக் இசைக்குழு ஊரில் அது ஒன்றுதான். அதில் குழுவுக்கே கொஞ்சம் வருத்தம் உண்டு.

குழுவின் பெயர் 'துருவேறிய நாய்கள்'. நாய் எப்படித் துருவேறும் என்று கேட்டால் உங்களுக்கு இந்த இசை புரியாது என்று சொல்லிவிடுவார்கள். ஆகையால் யாரும் கேட்பதில்லை.

அவர்கள் வாசித்தது ப்ளூஸிலிருந்து கிளம்பிய ஹார்ட் ராக். ப்ளூஸ் என்பது நொந்துபோனவர்கள் பாடிய பாட்டு. வேலை, பசி, பிரிவு, ரயில் என்று நாலு விஷயத்தை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம். அதில் மின்சாரத்தை ஏற்றி, மலைமேலிருந்து பாறையை உருட்டுகிற மாதிரி வாசித்தால் ஹார்ட் ராக். பாறைக்குப் பஞ்சமில்லை. நொந்துபோவதற்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது.

பாடுகிறவர் பல் டாக்டர். அப்பா கட்டிய மருத்துவமனை, மாமனார் கட்டிய வீடு. துக்கத்துக்காக அவர் படாத பாடில்லை, கிடைக்கத்தான் இல்லை. வாழ்க்கையில் அவர் தொலைத்தது ஒரு குடை. அதையும் மறுநாளே யாரோ கொண்டுவந்து கொடுத்துத் தொலைத்துவிட்டார்கள். அவர் எழுதிய பாட்டுகளில் பெயர் பெற்றது 'சாம்பல் ரயில்'. ரயிலில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும் என்பதால் அவர் ரயிலில் போனதில்லை.

கிட்டார் வாசித்தவன் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். வந்தவர்களின் மூக்குக்கு அளவெடுக்கிற வேலை. கிட்டாரைத் தொட்டால் மட்டும் சோற்றில் கல்லைக் கடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். பேஸ் கிட்டார்காரர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அவரை எல்லாரும் இன்சூரன்ஸ் என்றே கூப்பிட்டார்கள். ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கூட்டினாலும் பத்து வார்த்தை தேறாது. மற்றவர்கள் வாசித்தால் வாசிப்பார், நிறுத்தினால் நிறுத்துவார். அதைத் தாண்டி இசையில் அவருக்கு ஒரு கொள்கையும் கிடையாது.

நாலாவது ஆள்தான் ஆறாவது இயந்திரத்துக்காரி. கிட்டார்காரனுக்குக் கூடப் பிறந்த அக்கா. அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்குமே அக்கா ஆகிவிட்டாள். குழுவில் நாலு டிரம்ஸ்காரர்கள் வரிசையாகக் கோபித்துக்கொண்டு போன பிறகு, "புது ஆள் கிடைக்கிற வரைக்கும் உட்காருக்கா" என்று தம்பி கெஞ்சினான். அவளும் உட்கார்ந்தாள். மூன்று வருஷம் ஆயிற்று. யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பதினாறு வருஷமாகத் தையல் இயந்திரத்தை மிதித்த வலது கால் அது. தடித்த ரெக்ஸின் நாலு மடிப்பு சேர்கிற இடத்தில் எவ்வளவு அழுத்தணும், வளைவில் எவ்வளவு விடணும் என்று அதற்கே தெரியும். அந்தக் கால் டிரம்ஸின் பெரிய முரசை மிதித்தபோது, மிதிக்கத்தான் பிறந்தோம் என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

டிரம்ஸ் அவளுடையது. தட்டு ஒருவரிடம், முரசு ஒருவரிடம் என்று பழையதாகப் பார்த்துச் சேர்த்தது. உட்காருகிற முக்காலியை இரும்புக்கடைக் குவியலில் கண்டெடுத்தாள். மேலே மிஞ்சிய சிவப்பு ரெக்ஸினை இரட்டைத் தையல் போட்டு இழுத்துக் கட்டினாள். இருக்கை ராஜா உட்காரலாம் போல இருக்கும். கால்தான் ஆண்டி. உள்குழாய் வெளிக்குழாய்க்குள் இறங்காமல் பிடித்திருப்பது இரண்டு காது வைத்த ஒரு நட்டு, அவ்வளவுதான். கையால் திருகுகிற நட்டு. நாலு பாட்டு வாசித்தால் தளரும். பதினோரு சுற்று திருகினால் மறுபடி நிற்கும். ஒருமுறை வண்டியில் ஏற்றும்போது அது கழன்று விழுந்து, அரை நாள் மண்டிபோட்டுத் தேட வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து வாசித்து முடித்ததும் நட்டைக் கழற்றித் தன் கைப்பையில் வீட்டுச் சாவியோடு போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். தன் கால் என்ன சத்தம் போடுகிறது என்று அவள் கேட்டதே இல்லை. பட்டறையில் அவள் மிதிக்கிற ஒவ்வொரு மிதியையும் நுரைப் பஞ்சு விழுங்கிவிடும். வெளியே வாசித்த இடங்களோ அடுப்பங்கரை அளவு கூடங்கள். திறந்த வெளியில், பெரிய மேடையில், அந்தச் சிவப்பு இருக்கையில் உட்கார்ந்து ஒரே ஒரு தரம் காலை இறக்க வேண்டும். சத்தம் போய் எங்கேயாவது முட்டித் திரும்பி வர வேண்டும். இதைக் கணவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். "கிணத்துக்குள்ள கத்திப் பாரேன், திரும்பி வரும்" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். ஆனால் நல்ல மனிதர்.

ஒரு மழை நாளில் மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் துருவேறிய நாய்கள் வாசித்தன. முப்பது நாற்காலி, பத்தொன்பது பேர். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் கீழே சோபாக்களைப் பார்ப்பது போல் பாவனை பண்ணிப் பார்த்து, கடைக்காரர் நெருங்கி வரவே தப்பித்து மேலே ஏறி வந்தார். அவர் இசை விமர்சகர் என்பது யாருக்கும் தெரியாது.

'சாம்பல் ரயில்' மூன்றாவது சரணத்தில் நட்டு தளர்ந்தது. அக்கா ஒரு சாண் கீழே இறங்கினாள். தாளத்தை அப்படியே விட்டுவிட்டு, எழுந்து குனிந்து நட்டைத் திருக ஆரம்பித்தாள். திடீரென்று பின்னால் சத்தம் நின்றதும், தன் ஒலிபெருக்கிதான் செத்துவிட்டது என்று நினைத்துத் தம்பி கிட்டாரிலிருந்து கையை எடுத்தான். தாளம் இல்லாமல் அடுத்த வரி ஞாபகம் வராத பல் டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். மூவரும் நின்றதால் இன்சூரன்ஸும் நின்றார். கூடத்தில் மழைச் சத்தம் மட்டும். ஒன்பது, பத்து, பதினொன்று. அக்கா உட்கார்ந்து, இரண்டு கையும் வலது காலுமாக ஒரே போடு போட்டாள். தூக்கிவாரிப் போட்டு மற்ற மூவரும் விட்ட இடத்தில் வந்து விழுந்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்களே, அதுதான். இங்கே பழம் விமர்சகரின் தலையில் விழுந்தது.

அவர் முக்கால் பக்கம் எழுதினார். "அந்த மௌனத்தில் ஒரு தலைமுறை மூச்சை நிறுத்திக்கொண்டது. துக்கத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பியவர்களால்தான் இப்படி நிறுத்த முடியும். இன்று வளர்ந்துவரும் குழுக்களில் இவ்வளவு துணிச்சலாக வாசிக்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் இவர்கள் மட்டுமே." பாடகரின் குரலில் பசி தெரிகிறது என்று எழுதியிருந்தார். (அன்று பல் டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு ஏப்பத்தை அடக்கிக்கொண்டுதான் பாடினார்.) கிட்டாரில் காயம் தெரிகிறதாம். பேஸ் கிட்டாரில் ஒரு ஞானியின் ஒதுக்கம் தெரிகிறதாம். கடைசிப் பத்திக்கு முந்திய பத்தியில், "பின்னணித் தாளமும் போதுமானதாக இருந்தது" என்று ஒரு வரி.

அக்கா அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். போதுமானது. கொடியில் காயப்போட்ட துணிக்குக் கிளிப் போதுமானது என்கிற மாதிரி.

மறுநாள் பட்டறையில் மூவரும் கட்டுரையை வெட்டி எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்கள். அந்த மௌனம் யாருடையது என்று பேச்சு வந்தது. பல் டாக்டர், ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதே, பிடுங்கிய கணத்துக்கும் நோயாளி கத்துகிற கணத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த வெற்றிடத்தைப் பாட்டில் கொண்டுவரத் தீர்மானித்துவிட்டதாகச் சொன்னார். முதலில் கையை எடுத்தது தான்தான் என்றான் தம்பி. இன்சூரன்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் உரிமை கொண்டாடுகிறார் என்றே அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

அக்கா நூற்கண்டை மாற்றிக்கொண்டே சொன்னாள்:

"நட்டு கழண்டுச்சுப்பா. திருகிட்டிருந்தேன்."

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வரவேற்பறையில் விருந்தாளி முன்னால் குழந்தை எதையோ போட்டுக் கொடுத்துவிட்டால் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"அக்கா, இத வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க" என்றார் பல் டாக்டர், மெதுவாக, வாயைத் திறக்கப் பயப்படுகிற நோயாளியிடம் பேசுகிற குரலில். "ஒரு படைப்புன்னா அதுக்குப் பின்னால ஒரு மர்மம் இருக்கணும்."

அதற்குப் பிறகு மௌனத்தைப் பழகினார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், நம்புங்கள். வாரத்தில் மூன்று சாயங்காலம், மூன்றாவது சரணம் வந்ததும் நிறுத்தி, நின்றார்கள். பல் டாக்டர் கூரையைப் பார்ப்பார். தம்பி தலையைத் தொங்கப்போடுவான். எங்கே முடிப்பது என்று யாருக்கும் தெரியாது. அக்காதான் முரசுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், காற்றில் விரலால் பதினோரு சுற்று திருகிவிட்டுக் காலை இறக்குவாள். எல்லாரும் சேர்ந்து வந்து விழுவார்கள். "பாத்தீங்களா, நாம நாலு பேரும் ஒரே மூச்சாயிட்டோம்" என்று பல் டாக்டர் கண் கலங்குவார். அவரைப் பொறுத்தவரை அது தானாக நிகழ்கிற அற்புதம். சாப்பாடு தானாகத் தட்டுக்கு வந்துவிடுவதாக நினைக்கிற ஆண்பிள்ளைகளைப் பார்த்தவள்தானே அக்கா. நட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள்.

கட்டுரை வேலை செய்தது. இரண்டு வானொலிப் பேட்டி, ஒரு படம் போட்ட பேட்டி. அப்புறம் அந்த அழைப்பு. ஊருக்கு வெளியே மைதானத்தில் இரண்டு நாள் இசைவிழா, திறந்தவெளி மேடை, ஆறாயிரம் பேர். துருவேறிய நாய்களுக்கு முக்கால் மணி நேரம். அக்கா அன்று இயந்திரத்தில் ஊசியை இரண்டு தரம் உடைத்தாள். பட்டறை முதலாளியம்மா, "என்ன, காலு தரையில இல்லையா?" என்று கேட்டார். இல்லைதான்.

அடுத்த வாரம் தம்பி தனியாக வந்தான். பஞ்சுப் பாளத்தின் மேல் உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசினான். அக்காவின் முதுகுவலியைப் பற்றி விசாரித்தான். அவளுக்கு முதுகுவலி இல்லை. டிரம்ஸ் வாசிப்பது முதுகுக்கு ரொம்பக் கெடுதல் என்று ஒரு டாக்டர் சொன்னதாகச் சொன்னான். எந்த டாக்டர் என்று கேட்டாள். பல் டாக்டர்தான்.

"சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாடா."

விஷயம் இது: விழாக்காரர்கள் சுவரொட்டிக்கு ஒரு படம் கேட்டிருக்கிறார்கள். குழுவுக்கு ஒரு தோற்றம் வேண்டும். பிடரி என்று ஒருவர் இருக்கிறார், தோள் வரைக்கும் முடி, தலையை ஆட்டினால் முன்வரிசைக்குக் காற்று வரும். வேறு இரண்டு பெரிய குழுவில் வாசித்தவர். ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுக்கா."

"எல்லாரும்னா நானும் அதுல உண்டா?"

தம்பி ஒரு பஞ்சுத் துணுக்கைப் பிய்த்தான். பிறகு இன்னொன்றைப் பிய்த்தான். முழுப் பாளத்தையும் பிய்த்துவிடுவான் போலிருந்தது. கடைசியில், பிடரியின் டிரம்ஸ் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அக்காவுடையதைக் கொஞ்சம் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றான். இதைக் கேட்கிறபோது அவன் அவளைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் அவளுடைய மிட்டாயையும் தின்றுவிட்டு இப்படித்தான் சுவரைப் பார்ப்பான்.

அக்காவுக்கு அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் தைத்துக்கொண்டிருந்தது பேருந்து இருக்கையின் மூலை. மூலையில் கோபப்பட்டால் தையல் கோணிப்போகும். மூலையை முடித்துவிட்டு, "எடுத்துட்டுப் போ" என்றாள். அவ்வளவுதான். அன்று வீட்டுக்குப் போய் மூன்று பேருக்குத் தேவையான பாத்திரத்தைப் பதின்மூன்று பேருக்கானது போல விளக்கினாள். கணவர் வாசலோடு நின்றுகொண்டார்.

தம்பி வந்து டிரம்ஸை ஏற்றிக்கொண்டு போனது அவள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில். முக்காலி உட்பட எல்லாம் போயிற்று. சுவரொட்டி வந்தது. நாலு ஆண்கள், நாலு திசையைப் பார்த்துக்கொண்டு, நாலு பேருக்கும் கழுத்து சுளுக்கிக்கொண்ட மாதிரி.

விழா அன்று வேலை ஓடாமல் பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள்; சாயங்காலம் நாலு மணி. வீட்டுக் கதவைத் திறக்கச் சாவி எடுத்தபோது விரலில் இரண்டு காது தட்டுப்பட்டது. நட்டு. தினமும் தட்டுப்படுவதுதான்; முக்காலி அது இல்லாமலே போயிருக்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

மனசில் அழுக்கே ஒட்டாத தாமரைப்பூ என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் அவளை. முதலில் வந்தது சந்தோஷம்தான். பிடரி தொப்பென்று உட்காருகிற காட்சியை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. இன்னொரு தரம் ஓட்டினாள். மூன்றாம் தரம் ஓட்டியபோது ஓரத்தில் தம்பியின் முகம் தெரிந்தது. மூக்குக்கு அளவெடுத்து அலுத்துப்போய், இந்த முக்கால் மணி நேரத்துக்காக இத்தனை நாள் காத்திருந்த முகம். திட்டிக்கொண்டே அவனுக்குத் தொலைபேசினாள். அணைத்து வைத்திருந்தான். மற்ற இருவருக்கும் அடித்தாள். அதுவும் அணைந்திருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது: மேடை ஏறுவதற்கு முன்னால் மூன்று மணி நேரம் அவர்கள் மௌனம் அனுசரிக்கிறார்கள். போன வாரப் பேட்டியில் பல் டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவர் மைதானத்துக்குத்தான் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். "ஏங்க, நானும் வரேன்" என்று பட்டறைச் சட்டையோடு வண்டியில் ஏறினாள். மேலெல்லாம் நூல் துணுக்கு, இடுப்பில் அளவு நாடா. எதற்கு என்று கேட்டார். நட்டைக் காட்டினாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டே யோசித்துவிட்டு, "விழுந்தா விழட்டுமே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன காதல் வசனங்களில் அது ஒன்று.

பின்வாசலில் தண்ணீர் வண்டியை யார் தடுக்கிறார்கள்? மேடைக்குப் பின்னால் கேன்களை இறக்கும்போது நாய்கள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தன. மேடைப் பொறுப்பாளர் காதில் ஒரு கருவியும் கையில் ஒரு பலகையுமாகக் குறுக்கே நின்றார். இப்போது யாரும் ஏறக்கூடாது என்றார். முக்காலிக்கு நட்டு இல்லை என்று அக்கா சொன்னாள். அதெல்லாம் சரிபண்ணியாயிற்று, காகிதம் மடித்துச் செருகியிருக்கிறோம் என்றார்.

"என்ன காகிதம்?"

ஏதோ பத்திரிகைக் கட்டுரை, பாடகர் சட்டைப் பையில் வைத்திருந்தது என்றார் அவர்.

அக்கா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். எட்டாக மடித்த முக்கால் பக்கப் புகழ்ச்சியை இரண்டு குழாய்க்கும் நடுவில் ஆப்பாக அடித்திருந்தார்கள். அதன்மேல் பிடரி உட்கார்ந்து தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வாசிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இலக்கணச் சுத்தம். ஆனால் பாட்டு எங்கேயும் போகவில்லை, புதுக் கடிகாரம் போல அங்கேயே நின்று ஓடியது. முதல் பாட்டைப் புகழ்ச்சி தாங்கியது. இரண்டாவதையும் தாங்கியது. 'சாம்பல் ரயில்' முதல் சரணத்தில், தலை இடமிருந்து வலமாகப் பெரிய வட்டம் ஒன்று போட்டபோது, காகிதம் கசங்கிப் பிதுங்கியது. பிடரி நேராக இறங்கினார். முரசுக்கு மேலே கொஞ்சம் முடி மட்டும் தெரிந்தது.

தாளம் நின்றது. தம்பி, பல் டாக்டர்தான் மௌனத்தை இரண்டு சரணம் முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துத் தலையைத் தொங்கப்போட்டான். பல் டாக்டர், தம்பிதான் தன்னை முந்திக்கொள்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். இன்சூரன்ஸ் நின்றார். ஆறாயிரம் பேருக்கும் அந்த மௌனத்தைப் பற்றித் தெரியும். கட்டுரை படித்திருந்தார்கள், அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படியே நின்றது. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். முடிக்கத் தெரிந்த ஒரே ஆள் மேடைக்குப் பின்னால் தண்ணீர் கேன்களுக்கு நடுவில் இருந்தாள். கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். இரண்டு நிமிஷம். பல் டாக்டரின் கழுத்து வானத்தைப் பார்த்துப் பார்த்து நடுங்கத் தொடங்கியது. தம்பி தொங்கப்போட்ட தலையை லேசாகச் சாய்த்து, கண்ணோரத்தால் பின்பக்கம் தேடினான். அந்தப் பார்வையை அக்காவுக்குத் தெரியும். தெருவில் பட்டப்பகலில் வழி தவறி நின்ற ஏழு வயதுப் பார்வை.

"கொஞ்சம் நகருங்க" என்று பொறுப்பாளரைத் தள்ளிவிட்டு அவள் மேடை ஏறினாள்.

பிடரி தவழ்ந்து ஒதுங்கினார். அவள் முக்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். கட்டுரையை உருவிக் கீழே போட்டாள். குழாயை இழுத்து, நட்டைப் பொருத்தி, திருகினாள். ஒன்று, இரண்டு. ஆறாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. நட்டு சரியாக ஏறுகிறதா என்பதுதான் கவலை. பத்து, பதினொன்று. நிமிர்த்தினாள். உட்கார்ந்தாள். காலை இறக்கினாள்.

சத்தம் போயிற்று.

பஞ்சு இல்லை, சுவர் இல்லை. அது மேடையை விட்டு இறங்கி, தலைகளுக்கு மேலே நடந்து, மைதானத்தின் கடைசியில் ஒரு கட்டடத்தில் முட்டித் திரும்பி வந்தது. அவளுடைய கால் அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. திரும்பி வருகிற சத்தத்துக்கு இடம் விட்டு அடுத்ததை மிதித்தாள். வளைவில் விடுகிற மாதிரி கொஞ்சம் விட்டாள். சாம்பல் ரயில் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிலையத்தை விட்டுக் கிளம்பியது. அதில் ஏறியிருந்த பல் டாக்டருக்கு வாந்தி வருவது போலத்தான் இருந்தது, ஆனால் குரலில் அது நன்றாகவே இருந்தது. தம்பி முகத்தைக் கோணிக்கொள்ள மறந்துபோய்ச் சிரித்துக்கொண்டு வாசித்தான். மிச்ச நேரம் முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. எழுப்ப யாருக்கும் தைரியமும் இல்லை.

முடிந்ததும் நட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, முக்காலியைத் தண்ணீர் வண்டியில் ஏற்றினாள். கணவர், "நான் ரோட்டு வரைக்கும் கேட்டேன்" என்றார்.

மூன்றாம் நாள் விமர்சகரின் கட்டுரை வந்தது. இந்தத் தடவை முழுப் பக்கம். "மூன்று நிமிட மௌனம். பிறகு அந்த வீழ்ச்சிக்குள்ளிருந்து, உழைக்கும் வர்க்கத்தின் உருவமாக, இடுப்பில் அளவு நாடாவோடு ஒரு நடிகை தோன்றி, சரிந்த சிம்மாசனத்தைத் திருகி நிமிர்த்துகிறார். உடையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகள் வரை எவ்வளவு நுணுக்கமான ஒப்பனை! குழுவின் இந்த நாடகத் துணிச்சலுக்கு ஈடில்லை." அடியில் ஒரு வரி: "அந்த நடிகை பின்னர் தாளமும் வாசித்தார், போதுமான அளவுக்கு."

அன்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சற்று முன்பாகவே மூவரும் பட்டறைக்கு வந்தார்கள். பல் டாக்டர் கையில் பன் பொட்டலம். அக்கா ஒரு கார் இருக்கையின் வளைவில் இருந்தாள். அவர்தான் பேசினார். நிகழ்ச்சி பிரமாதம், ஐந்து ஊரிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, எல்லாரும் அந்தக் காட்சியைக் கேட்கிறார்கள் என்று அடுக்கினார்.

"ஒவ்வொரு ஊர்லயும் பிடரி விழுவாரு. நீங்க இதே சட்டையோட வந்து திருகுவீங்க. அதோட உங்க வேலை முடிஞ்சுதுக்கா, இறங்கிடலாம். மிச்சத்த அவரு வாசிச்சுக்குவாரு. உங்களுக்கும் முதுகு..."

அக்கா நிமிரவில்லை. வளைவில் இருக்கும்போது காலை எடுக்க முடியாது. இயந்திரம் ஓடியது. வளைவு முடிந்தது, நின்றது. அவள் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். தம்பி தலையைத் தொங்கப்போட்டான். இந்த மௌனத்தையும் எங்கே முடிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

முடித்தது இன்சூரன்ஸ். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அக்கா வாசிச்சப்பதான் நாமளும் வாசிச்சோம்."

அவர் அந்த வாரத்துக்கு வைத்திருந்த வார்த்தைகளில் பாதி அதிலேயே செலவாகிவிட்டிருக்கும். மற்ற இருவரும், ஜடம் பேசியது போல அவரைப் பார்த்தார்கள்.

அக்கா நூலை அறுத்தாள். பையைத் திறந்து நட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"விழறதுக்கு ஆள் வேணும்னா பிடரியையே வச்சுக்குங்க, அது அவருக்கு நல்லா வருது. ஆனா வேற முக்காலியில விழச் சொல்லுங்க. இது என்னோடது. இதுல உக்காந்து வாசிக்கிறவ நான். சுவரொட்டியில என் மூஞ்சியும் வரணும், நேராப் பாக்கிற மாதிரி."

தம்பி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான். "சரிக்கா" என்றான். அந்த 'சரி'யில் மிட்டாய்க் கணக்கும் கொஞ்சம் இருந்தது.

அவள் எழுந்துபோய், போர்வையை விலக்கி, முக்காலியைத் தட்டிக் காட்டினாள். அதன் இரண்டு குழாயும் சேர்கிற கழுத்தில் புதிதாக ஓர் இரும்பு வளையம் பளபளத்தது. கணவர் வண்டிப் பட்டறையில் சொல்லிப் பற்றவைத்துக் கொடுத்தது. இனிமேல் காதைப் பிடித்துத் திருகினாலும் இறங்காது.

பல் டாக்டரின் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப மௌனம்? அது இல்லாம மூணாவது சரணத்துல நாம என்னக்கா பண்றது?"

"வாசிக்கலாம்" என்றாள் அக்கா.